ஆறரை சைஸ் கிளவுஸ்

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு மதிய வேளையில். பொது அறுவை சிகிச்சை மேற்படிப்பின் கடைசிக் கட்டம். குடலிறக்கம், பித்தப்பை, குடல்வால், மார்புக் கட்டி என்று எல்லாவற்றிலும் கைவைத்துப் பழகியாகிவிட்டது. மறந்தே போனது தூக்கம் ஒன்றுதான். எப்போதாவது வீட்டுக்குப் போனால் என் மகள் என்னை "அங்கிள்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். மனைவியோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

அங்கே சீஃப் டாக்டர் முன்னால் ஒரு பெரிய ஆபரேஷனைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் பரீட்சை, பட்டம், வீடு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே பிழைப்பு.

ஆபரேஷன் தியேட்டரில் இருந்த மூத்த நர்ஸை எல்லோரும் அக்கா என்றார்கள். கை கழுவி வந்த என்னிடம், "கிளவுஸ் என்ன சைஸ், டாக்டர்?" என்றார்.

"ஏழரை, அக்கா. பிடிச்சதும் அதுதான்."

அவர் சிரிக்கவில்லை. ஏழரையை மாட்டிவிட்டார். பிறகு இன்னொரு ஜோடியைப் பிரித்துக் கருவி மேஜை ஓரத்தில் வைத்தார். ஆறரை.

"இது யாருக்கு?"

மயக்க மருந்து டாக்டர்தான் என் பக்கம் குனிந்தார். "முன்னாடி இங்க படிச்ச பொண்ணோட சைஸ். பரீட்சை நெருங்கற நேரம், இந்த மேஜைகிட்ட நின்னுட்டே சரிஞ்சு விழுந்துட்டா. எழுந்திருக்கவே இல்ல. அதை எடுத்து வச்சாதான் அக்காவுக்கு மனசு ஆறும்."

பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மேஜையில் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். குடலில் ஓட்டை. வயிற்றைத் திறந்ததும் நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது. சீஃப் கைகட்டி நின்று பார்த்தார். எதிரே ஜூனியர், காயத்தை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்திருந்தான். வேலை மும்முரத்தில் நாங்கள் யாரும் முகம் பார்ப்பதில்லை. ஒரு கை நீண்டால் நர்ஸ் அதில் கருவியை வைப்பார். யார் கை என்று கேட்பதில்லை.

தைத்துக்கொண்டிருக்கும்போதே என் இமைகள் சரிந்தன.

"தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

காதருகே ஒரு பெண் குரல். என்னைவிடக் களைத்த குரல்.

கண்ணைத் திறந்தேன்.

காயத்துக்குள் ஐந்தாவதாக ஒரு கை இருந்தது.

சின்னக் கை. அது நிதானமாக முடிச்சுப் போட்டு இறுக்கியது. பிறகு பக்கவாட்டில் நீண்டது. அக்கா நிமிராமலே கத்தரிக்கோலை அதில் வைத்தார்.

கருவி மேஜை ஓரத்தில் அந்த ஆறரை ஜோடி இல்லை.

நான் அலறியிருக்க வேண்டும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது நிம்மதி. 'சரி, பாத்துக்கோ' என்று மனதுக்குள் சொன்னேன்.

"அழகா தைச்சிருக்கே," என்று தலையாட்டினார் சீஃப். "இந்தக் கை உனக்கு எப்ப வந்துச்சு?"

டிரைவர் பிழைத்தார். பரீட்சை முடிந்து பட்டமும் வந்தது. வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். கல்யாண மோதிரம் கழன்று கழன்று விழுந்தது. "ரொம்ப இளைச்சிட்டீங்க," என்றாள் மனைவி. மகள் இப்போது அப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் என் கையைப் பிடித்து நடக்க மட்டும் மாட்டேன் என்றாள்.

"அது உன் கை இல்லப்பா."

அடுத்த வாரம் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். புது ஆஸ்பத்திரி, வெளிச்சமான காலை. முன்பின் தெரியாத இளம் நர்ஸ் கிளவுஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள்.

ஆறரை.

"எனக்கு ஏழரைம்மா."

"உங்க கையைப் பாத்துதான் சார் எடுத்தேன்."

தவறு என்று காட்டுவதற்காகவே விரல்களை நுழைத்தேன். கிளவுஸ் மணிக்கட்டு வரை ஒரு சுருக்கமில்லாமல் ஏறியது.

"தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

அதே களைத்த குரல். இந்த முறை அது என் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.