நின்ற படம்

“இன்னொரு பாட்டில் சலைன் ஏத்திடவா டாக்டர்?”

“இருங்க சிஸ்டர். ஸ்கேன்ல பார்த்துட்டுச் சொல்றேன். இதயம் தளர்ந்திருந்தா அந்தத் தண்ணியே நுரையீரலை மூழ்கடிச்சிடும்.”

“சீக்கிரம் பாருங்க. பிரஷர் அறுபதுக்கு வந்துடுச்சு,” என்ற நர்ஸ், அடுத்த அறையில் அலாரம் அடிக்கவே ஓடினார்.

படுக்கையில் கிடந்த லாரி டிரைவர் சிரிக்க முயன்றார். “ஸ்கேனா? பையனா பொண்ணான்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க.”

இளம் டாக்டரும் சிரித்துவைத்தாள். பெரிய டாக்டர் வர ஒரு மணி நேரமாகும். அதுவரை இந்த மனிதர் பிழைப்பது அவள் ஒருத்தியின் கையில். ஜன்னலில்லாத அந்த அறையில் மதியமா மாலையா என்றே தெரியவில்லை. கிருமிநாசினி வாடையும், ஏசியின் ஓயாத முனகலும், திரைச்சீலைக்கு அப்பால் யாரும் உட்காராத நாற்காலியின் நிழலும்தான் அவளுக்குத் துணை. ஜெல் தடவி, நெஞ்செலும்புக்குக் கீழே கருவியை அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் இதயம் தெரிந்தது. நான்கு அறைகளும் தெளிவாக.

அசையவில்லை.

அளவெடுக்கப் படத்தை நிறுத்துகிறவர்கள் மறுபடி ஓடவிடாமல் போய்விடுவார்கள். இங்கே எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. படத்தை ஓடவிடும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அவர் மூச்சிழுக்க, திரையின் ஓரத்தில் கல்லீரல் இறங்கி ஏறியது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதயம் மட்டும் நின்றிருந்தது.

மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காகத் துள்ளியது. ஆனால் அது இதயத்தின் மின்சாரத்தை மட்டுமே காட்டும். தசை சுருங்குகிறதா என்று சொல்லாது.

சட்டைக் கழுத்தை விலக்கி, கருவியைத் தன் விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தாள். ஜெல் சில்லிட்டது. திரையில் அவள் இதயம் படபடத்தது.

மறுபடி அவரிடம்.

அசைவில்லை.

கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. இன்னும் அழுத்தினாள். இல்லை.

“என்ன டாக்டர், பேச்சையே காணோம்?”

நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கிறவரின் நெஞ்சையா? நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

அவர் தலையைத் திருப்பினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

பனிக்கட்டி போன்ற கை.

வராந்தாவில் நர்ஸின் செருப்புச் சத்தம். நெருங்கியது.

“வீட்டுக்காரி பஸ்ல வந்துட்டிருக்கா,” என்றார் மெதுவாக. “அவ வந்து சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர்.”