வண்டிக்கு முன்னால் வந்த சத்தம்

வாய்க்கால் முக்கில் புல்லட் திரும்புகிற சத்தம் கேட்டதும் மருதாத்தாள் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கினாள். தினப்படி நடக்கிற காரியம்தான். சத்தம் முக்கில் கேட்டால் ரசம் இறங்கும், புளியமரத்தடியில் கேட்டால் செம்பில் தண்ணீர் நிறையும், வாசலில் வண்டி அடங்குவதற்குள் தட்டத்தில் சோறு விழுந்திருக்கும். மெக்கானிக் பெண்டாட்டிக்குக் கடிகாரம் எதற்கு? அன்றும் வண்டி முக்கில் திரும்பி, புளியமரத்தைத் தாண்டி, வாசலில் வந்து நின்று, ரெண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. அவள் தட்டத்தை எடுத்து வைத்தபடியே, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், "வாங்க" என்றாள்.

யாரும் வரவில்லை.

செம்போடு வாசலுக்குப் போனாள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முற்றத்தில் வண்டி இல்லை. பனைமரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன, காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன, மலைக்கணவாய்க்குள் புகுந்து தை மாதம் முழுக்க ஓயாமல் அடிக்கிற அந்தக் காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அந்தக் காற்றில் சூடான ஆயிலும் பெட்ரோலும் கலந்த வாடை இருந்தது. இந்தக் காற்று பொல்லாத காற்று, பொள்ளாச்சிப் பக்கத்து ரேடியோ செட்டுப் பாட்டையே காதுக்குள் கொண்டுவந்து போடும், எங்கேயோ போகிற வண்டிச் சத்தத்தைக் கொண்டுவராதா என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அப்போதுதான் முக்கில் மறுபடியும் வண்டி திரும்பியது. இந்த முறை பிச்சைமணி நிஜமாகவே வந்தான், சோறு என்னவோ ஆறிக்கிடக்கிறது என்று சலித்துக்கொண்டே சாப்பிட்டான்.

அவள் செய்ததில் தப்பொன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாவிட்டால் குடும்ப மானமே போய்விடும். பகையாளி வந்து நின்றாலும் முதலில் வாங்க, அப்புறம்தான் சண்டை. ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வண்டியின் சத்தம் மாறியே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிச்சைமணிக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பட்டறை. தோட்டந்தோட்டமாகப் போய் மோட்டார் பம்புசெட்டும் பார்ப்பான். அதற்கென்று வைத்திருந்த அறுபத்தெட்டாம் வருஷத்துப் புல்லட்டின் கிராங்கு, அதாவது எஞ்சினின் வயிற்றுக்குள் சுற்றுகிற கனத்த இரும்புச் சக்கரங்கள், ஒருநாள் வழியிலேயே கையை விரித்துவிட்டது. புதுசுக்குக் கோயமுத்தூரில் சொல்லி வைத்தான், வந்தபாடில்லை. வண்டி இல்லாமல் அவனால் ஒரு நாள் உட்கார முடியாது. பாலக்காட்டில் பழைய இரும்பு வியாபாரம் பண்ணுகிற சிக்கந்தர், ஐம்பத்தெட்டாம் வருஷத்து எஞ்சின் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். பத்து வருஷ வித்தியாசம். தண்டின் நீளம் கொஞ்சம் மாறியது, வாஷர் வைத்துச் சரிக்கட்டினான். சக்கரம் கொஞ்சம் கனம், அதனால் சாவியைத் திருப்பிய பிறகும் வண்டி உடனே அடங்காது. இதில் அவனுக்குப் பெருமை வேறு. பழசில் இரும்பு அதிகம், அடியைக் கேள், நின்று நிதானமாக விழுகிறது பார் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தான்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் வண்டி படபடவென்று வாயாடிக்கொண்டு வரும். இப்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி, யோசித்து யோசித்து வருவது போல.

மறுநாளும் சத்தம் முந்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் முந்தி. வாசலில் நின்றதோடு போகாமல், ஸ்டாண்டை மிதிக்கிற சத்தமும் கேட்டது. அப்புறம் ஒருநாள் செருப்பைக் கழற்றி உதறுகிற சத்தம். அவள் வாங்க சொல்வதை நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நிறுத்தி என்ன ஆகப்போகிறது, சொன்னது சொன்னதுதானே. கால் கழுவுகிற கல்லில் தண்ணீர் விழுந்தது. முதலில் ஒரு கால். அப்புறம் மறு கால். போய்ப் பார்த்தால் கல் நனைந்திருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அதைக் காயவைத்துவிட்டது.

அன்றைக்கு அவன் வந்தபோது கதவு தாழிட்டிருந்தது. சொந்த ஊட்டுக்குள் வருவதற்குக் கதவைத் தட்ட வேண்டுமா என்று கத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான், காற்று என்றான், இந்தக் காற்றில் காது இப்படித்தான் பேய் பிடித்து ஆடும் என்று கேலி பண்ணினான். அவள் அந்த இரும்பு யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். சொல்ல இஷ்டமில்லாமல்தான் சொன்னான். போன மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் வெள்ளம் போகும்போது எவனோ ஒருவன் தாண்டிவிடலாம் என்று வண்டியை விட்டிருக்கிறான். வண்டியை மட்டும் மேலே இழுத்தார்கள். ஆள் கிடைக்கவில்லை.

"எங்கீங்க போயிட்டிருந்தாரு?"

"ஊட்டுக்குத்தானாமா."

வழக்கமாக அடிபட்ட வண்டி பட்டறைக்கு வந்தால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அவன் ஸ்பேனரைத் தொடமாட்டான். அதில் அவனுக்கு ஒரே கண்டிப்பு. இதற்கும் நசுக்கினீர்களா என்று அவள் கேட்டாள். அவன் எரிச்சலாகக் கையை உதறினான். முழு வண்டி வந்தால் சக்கரம் இருக்கும், பழம் வைக்கலாம், சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்த ஒரு கிராங்குக்கு எவனாவது பழம் நசுக்குவானா? சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவன் கேலி பண்ணவில்லை.

"அழுவாத மருதா. கோயமுத்தூர்ச் சாமான் இன்னைக்குத்தான் பஸ்ஸுல வந்துது. நாளைக்கே கழட்டிப்போட்டு நம்முளத மாட்டிப்போடறேன்."

மறுநாள் முழுக்க அவளுக்கு நிலைகொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி நனைத்தாள். ஆட்டுக்குத் தழை போட்டதை மறந்து மறுபடி போட்டாள். மத்தியானமே விளக்குச் சிமினியைத் துடைத்து வைத்தாள். காற்று கூரை ஓட்டைக் கிளப்புவதுபோல் அடித்தது, எங்கோ ஒரு தகரம் விடாமல் தடதடத்தது, பனங்காட்டுக்குள் ஏதோ ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பொழுது சாய்ந்தது. வழக்கமாகச் சத்தம் முந்தி வருகிற நேரம் வந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தம் வரவில்லை.

முக்கில் ஒன்றும் திரும்பவில்லை. புளியமரத்தடியில் ஒன்றுமில்லை. ஸ்டாண்டு இல்லை, செருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. கழற்றிவிட்டார், போய்த் தொலைந்தது என்று அவளுக்கு நெஞ்சு லேசானது. இருட்டு நன்றாகக் கட்டிய பிறகு, முற்றத்தில் ஆள் நடந்து வருகிற அரவம் கேட்டது. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பிச்சைமணிதான். அதே சட்டை, அதே முன்வழுக்கை, களைத்துப்போன அதே முகம்.

"வாங்க" என்றாள். இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வண்டி பட்டறையில் பிரித்தபடி கிடக்கிறது, வேலை முடியவில்லை, அதனால் நடந்தே வந்துவிட்டேன் என்றான். கல்லில் நின்று கால் கழுவினான். உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தான். பிள்ளை ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டது. அவள் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அப்பளம் வைத்தாள், வாய் ஓயாமல் பேசினாள். தான் எவ்வளவு பயந்துபோனோம் என்பதைச் சொல்லிச் சிரித்தாள். அவன் தலையாட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். இன்னும் ஒரு வாய் எடுக்கவில்லை.

அப்போது வாய்க்கால் முக்கில் ஒரு வண்டி திரும்பியது.

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவன் நிமிரவில்லை.

"அதுதான் வருது. கதவச் சாத்தித் தாப்பாப் போடு."

ஓடினாள். சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். பத்தாததற்கு நெல் குதிருக்கு அண்டை கொடுக்கிற கட்டையையும் எடுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்து நின்று மூச்சு வாங்கினாள்.

வண்டி புளியமரத்தைத் தாண்டியது. சத்தம் நெருங்கியது. அந்தச் சத்தத்தில் இடைவெளி இல்லை. யோசனை இல்லை. படபடவென்று, வாயாடிக்கொண்டு, அவள் இத்தனை வருஷம் ரசம் இறக்கிய அதே சத்தம். வாசலில் வந்து நின்றது. சாவியைத் திருப்பியதும் சட்டென்று அடங்கியது.

"மருதா, கதவத் தொற. மாட்டிப்போட்டேன் புள்ள. சத்தத்தக் கேட்டயா, நம்முள்து."

முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. மறுபடி தட்டினான். சிரித்துக்கொண்டே தட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. "மருதா? பாப்பா எங்க? ஏன் பேசமாட்டீங்கறே?"

கட்டையை எடுக்கக் கை பின்னால் போனது. கை தடவியது. கட்டை நழுவியது. மறுபடி பிடித்தாள். கண்ணை மட்டும் விளக்கடியிலிருந்து எடுக்க முடியவில்லை.

மணையில் இருந்தவன் சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். நிதானமாக. விரல்கள் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத கரி பிச்சைமணியின் நகக்கண்களில் உண்டு, கலியாண மணையில்கூட இருந்தது. இந்த நகங்களில் கரி இல்லை. வெளுத்து, ஊறி, ஓரம் சுருங்கியிருந்தன. தண்ணீரில் வெகுநேரம் கிடந்த கை.

கதவு இடிபட்டது. வெளியே அவன் அவள் பேரைச் சொல்லிக் கத்தினான்.

அந்தக் கை மெல்ல உயர்ந்தது. மடியிலிருந்த பிள்ளை அப்பாவை அண்ணாந்து பார்த்து, ஆவென்று வாயைத் திறந்தது.