ராஜ்குமாருக்கு வைத்த மோர்

வலங்கைமான் பக்கம் ஒரு பழைய நெல் மில்லை வெள்ளையடித்து மறுவாழ்வு மையமாக்கியிருந்தார்கள். நெல் ஊறிய தொட்டிகளை மூடியாயிற்று. புளித்த வாடையை மூட முடியவில்லை. அடைமழை நாளில் அது கிளம்பி வந்தால் சாராயக்கடை வாசலில் நிற்பதுபோல இருக்கும். குடியை விட வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

ரகுராமனை அங்கே கொண்டுவந்து விட்ட மனைவி ஸ்ம்ருதி காரை விட்டு இறங்கவில்லை. "இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா வீட்டுக்கு வராதீங்க. பாப்பாகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

இயக்குநர் நாகநாதன் பத்துப் பேருக்கு மைக் வைத்துப் பேசுகிறவர். போன வருஷம், இப்போது ரகுராமனுக்குக் கொடுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ராஜ்குமாருக்கு, டாக்டரும் மருந்தும் இல்லாமல் ஒரே நாளில் குடியை நிறுத்திக் காட்டினாராம். வலிப்பில் உடம்பு தூக்கிப் போட, "ஒரு வாய் சார், ஒரே ஒரு வாய்" என்று அவன் கெஞ்சியபோது மோர் கொடுத்தார். விடிவதற்குள் ராஜ்குமார் நிரந்தரமாக நிறுத்திவிட்டான்.

ரகுராமன் வந்த ஒரு வாரத்தில் ராஜ்குமாருக்கு வருஷத் திதி வந்தது. அவன் மனைவி வந்து, உயிர் போன கட்டிலருகே இலை போட்டாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, பீடிக் கட்டு. கடைசியாக முந்தானைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டில்.

நாகநாதன் பாய்ந்தார். "ஏம்மா, இது மறுவாழ்வு மையம்!"

"செத்தவருக்குமா சார் மறுவாழ்வு? ஆசைப்பட்டதத்தானே படைக்கணும்?"

"அவர் திருந்திப் போனவரும்மா. பேரைக் கெடுக்காதீங்க."

பாட்டிலைப் பிடுங்கிப்போய்த் தன் பீரோவில் பூட்டினார். இலையில் ஒரு டம்ளர் மோர் வைக்கச் சொன்னார்.

படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் செத்தவர் வந்து சாப்பிடுவார். எல்லோரும் நின்றார்கள். போர்வைக்குள் சுருண்டிருந்த ரகுராமனை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

கதவைச் சாத்தினார்கள். கரன்ட் போனது.

மழை இரைச்சல். இருட்டில் புளித்த வாடை மட்டும் தடித்துக்கொண்டே வந்தது.

பக்கத்துக் கட்டில் முனகியது.

"சார்."

ரகுராமன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மோர் வச்சிருக்காங்க, சார்."

குரலில் கோபமில்லை. அலுப்புதான் இருந்தது. அந்த அலுப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பாட்டில் பீரோவுல இருக்கு. எனக்குத்தான் வாய் இல்ல. உங்க வாயக் கொஞ்சம் குடுங்களேன்."

ஒரு வாரமாக 'வேண்டாம், வேண்டாம்' என்று தனக்கே சொல்லிச் சொல்லி, ரகுராமனிடம் கைவசமிருந்த 'வேண்டாம்' எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"சரிப்பா," என்றார்.

தொண்டையில் நெருப்பு இறங்கியது.

விளக்கு வந்ததும் கதவு திறந்தது. அவரைப் பார்க்க வந்திருந்த ஸ்ம்ருதியும் மற்றவர்களோடு உள்ளே வந்தாள். கட்டிலை நெருங்கியவள் சட்டென்று நின்றாள். மூக்கு சுருங்கியது.

"அவ்வளவுதானா?"

ரகுராமன் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை, இல்லை.

"என் மையத்துல சொட்டு கிடையாதும்மா. இருந்த ஒண்ணும் பூட்டிக் கெடக்கு!" நாகநாதன் இடுப்புச் சாவியைக் குலுக்கிக்கொண்டு ஓடிப்போய் பாட்டிலை எடுத்துவந்து, மேடையில் கோப்பையைக் காட்டுகிறவர்போல உயர்த்தினார்.

சீல் உடையவில்லை.

உள்ளே ஒன்றுமில்லை.

இலையில் மோர் அப்படியே இருந்தது. நாகநாதன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார்.

ஸ்ம்ருதி பாட்டிலையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு, அவரை நம்பலாமா என்று அவள் முகம் யோசித்தது. அது போதும் ரகுராமனுக்கு. 'நான் குடிக்கல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கனி கெளம்பிட்டாளா?"

அவருடைய குரல் இல்லை.

"கனி யாரு?" என்றாள் ஸ்ம்ருதி.

வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த ராஜ்குமாரின் மனைவி திரும்பினாள். அவள் பெயரை அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை. குடையைப் போட்டுவிட்டு, ஸ்ம்ருதியைத் தாண்டி வந்து, ரகுராமனின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"போகலய்யா," என்றாள். "இங்கதான் இருக்கேன்."