மீதிப் பாதி

தங்கைக்குத் தலை துவட்டிவிடும்போதுதான் அக்கா அதைக் கவனித்தாள். முன்பு வயிற்றில் ஓடிய பச்சை நரம்புகள் இப்போது தோளில் கயிறு மாதிரி தடித்து, முழங்கையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்கள் தங்கைக்கு அடைத்துப்போயிருந்தன. போக வழியில்லாத ரத்தம் வயிற்றுத் தோலெங்கும் கிளைகிளையாகப் புடைத்தது. நீர் கோத்து வயிறு பானையாக வீங்கியது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் அக்கா, மறுபேச்சில்லாமல் தன்னுடையதில் பாதியைக் கொடுத்தாள்; மீதிப் பாதி சில மாதங்களில் தானே வளர்ந்துவிடும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கையின் வயிறு வற்றியது, நரம்புகளும் மறைந்தன. மறைந்தவைதான் திரும்ப வந்திருந்தன.

டாக்டருக்குப் போன் போட்டு நரம்புகளைப் பற்றிச் சொன்னாள்.

"ஸ்கேன் பார்த்தேனேம்மா, தங்கச்சிக்கு ரத்த ஓட்டம் ஜோரா இருக்கு. உங்களுதுதான் கொஞ்சம் மெதுவா வளருது. நல்லா ரெஸ்ட் எடுங்க."

"மெதுவாவா? வளரவே இல்லையே டாக்டர்! போன தடவைக்கு இந்தத் தடவை சின்னதா இருக்குன்னு உங்க ஸ்கேன்காரங்கதான் சொன்னாங்க."

"அளவெடுக்கறதுல முன்னபின்ன வரும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

போனைக் கட்டிலில் வீசினாள். இவர்களிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அம்மாவாவது காதுகொடுப்பாள் என்று சமையலறைக்குப் போய்ச் சொன்னால், அவள் முகம் கடுத்தது.

"இப்பத்தான் அவ தேறி வர்றா. குடுத்ததைச் சொல்லிக் காட்டறியா?"

அக்கா, இடுப்பில் நிற்காத பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து படுத்தாள். தங்கைக்கோ கன்னம் உப்பி, உதடு சிவந்து, நடையில் ஒரு துள்ளல்கூட வந்திருந்தது.

மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகக் கசிய, மின்விசிறி கடகடவென்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்க, அறையெங்கும் மருந்துக் களிம்பின் வாடை கனத்துக் கிடக்க, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை தேய்ந்து தேய்ந்து ஓய, அக்கா கண்ணயர்ந்தாள். யாரோ மெத்தையில் ஏறுவது அரைத்தூக்கத்தில் தெரிந்தது. தங்கைதான். சின்ன வயதில் போலவே முதுகோடு ஒட்டிப் படுத்து, கையை அவள் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள். கோபமெல்லாம் இளகியது. பாவம், குழந்தை.

அப்புறம் ஒரு சத்தம். மின்விசிறி இல்லை. தொட்டித் தண்ணீர் கடைசியில் உறிஞ்சிக்கொண்டு வடியுமே, அந்தச் சத்தம். மிக மெல்ல. மிக அருகில்.

கண் விழித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. நாக்கு உலர்ந்து ஒட்டியிருந்தது.

"அம்மா" என்றாள். காற்றுதான் வந்தது.

சமையலறையில் பாத்திரம் விளக்கும் ஓசை. அம்மா பத்தடி தூரத்தில்.

"அசையாதக்கா." காதோரம் தங்கையின் குரல், தூக்கக் கலக்கத்தில், பாசமாக. "இப்பத்தான் நல்லா ஓடுது."

அக்கா தலையை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். தங்கையின் உள்ளங்கை, ரவிக்கைக்குக் கீழே, தையல் தழும்பின் மேல் பதிந்திருந்தது. விரல் நுனிகளிலிருந்து பச்சை நரம்புகள் கிளம்பி, தழும்பின் ஒவ்வொரு தையல் துளை வழியாகவும் உள்ளே இறங்கியிருந்தன. எல்லாம் ஒரே சீராகத் துடித்தன, தங்கையின் கையை நோக்கி.