ஆறாவது கயிறு

இருபத்து மூன்று நாட்களாக அவள் ஆறாவது கயிற்றை இழுக்கிறாள். இருபத்து மூன்று நாட்களும் அவள் மணி தாமதமாகத்தான் ஒலித்திருக்கிறது.

தேவாலயக் கோபுரத்தின் கீழ் அறையில் ஆறு பேர் வட்டமாக நிற்பார்கள். கூரைத் துளைகள் வழியே ஆறு கயிறுகள் இறங்கும். மேலே இருக்கும் மணிகள் கண்ணுக்குத் தெரியாது. தபால்காரர் முதல் கயிறு, பேக்கரிக்காரர் இரண்டு, அவளுடைய அக்கா ஐந்து, கடைசியில் அவள். ஞாயிறு ஆராதனைக்கு அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மணியடிக்கும் குழுவின் தலைவர் இன்று மாலை சொல்லிவிடுவார்.

"என் மணி லேட்டா அடிக்குது," என்றாள்.

பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "காதுல மாவு அடைச்சிருக்கா பாப்பா? நல்லாத்தான் இழுக்கிற."

"கயித்தைப் பாரு. சத்தத்தை விடு," என்றார் தலைவர்.

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். தப்பு எங்கே என்று சொல்லித் திட்டியிருந்தால்கூடத் திருத்திக்கொண்டிருப்பாள். அக்காவும் வீட்டில் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

தொடங்கினார்கள். ஐந்து மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக விழுந்தன. பிறகு, அவள் கை கீழே வந்து, நின்று, மேலே போகத் தொடங்கிய பிறகு, அந்த ஆறாவது ஓசை, கனமான ஈரத்துணியைச் சுவரில் அறைந்ததுபோல மந்தமாக, போன வாரத்தைவிடப் பலமாக. கூரை இடுக்கிலிருந்து தூசி அவள் தலைமுடியில் உதிர்ந்தது. மேலே போய்த் திரும்பிய கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த முறை, பிசுபிசுத்தது.

பேக்கரிக்காரர் இப்போது சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் தலைவர்.

ஐந்து கயிறுகள் நின்றன. அவளும் கையை விட்டாள்.

அவள் கயிறு நிற்கவில்லை.

மேலே. கீழே. மேலே.

ஓசை.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது சொல்லித் தொலைங்களேன். என் மணிக்கு என்னதான் கோளாறு?"

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"புதுசா வர்றவங்க தப்புத் தப்பா அடிச்சா ஊரே சிரிக்கும்டி. அதான் மணிக்குள்ள அடிக்கிற இரும்பு நாக்கைக் கழட்டி வெச்சிடுவோம். சொன்னா கை அசட்டையாயிடும்னு சொல்றதில்ல."

மறுபடி ஓசை. ஒரு துளி கயிற்றின் வழியே இறங்கித் தரையில் சொட்டியது.

"உன் மணியோட நாக்கு முதல் நாள்லேர்ந்தே என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு."