ஒரு முடி கனத்துக்குக் கீழே

காலை பத்து மணி. சுழன்றுகொண்டிருந்த அச்சுத்தண்டு இரண்டாக முறிந்து, மெஷினை ஓட்டியவன் மார்பில் பாய்ந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவசரத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மறுநாள் பழி ஆள் தேடி அலைந்து, லேசர் அறைப் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்தது. தண்டின் மேல்தோலை லேசரால் அறைந்து இறுக்குவது அவள் வேலை. இறுகிய உலோகத்தில் விரிசல் லேசில் வாய் திறக்காது. முறிந்த இடத்தை எக்ஸ்ரே கருவியால் அளந்தார்கள். இறுக்கத்துக்குப் பதில், விரிசலைத் திறந்துவிடும் இழுப்பு இருந்தது. லேசரின் மங்கலான வட்டத் தழும்புகள் தண்டு முழுக்க இருந்தன. பேரிங் உட்காரும் அந்த முறிந்த இடத்தில் மட்டும் இல்லை.

"அந்த இடத்தை விட்டுட்டியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விடலை சார். ஆனா யார் நம்புவா? மானேஜர் என்னைக் கொலைகாரின்னே முடிவு பண்ணிட்டார். இன்னிக்கே உள்ள போடணுமாம்."

இன்ஸ்பெக்டர் ஜவுளிக்கடையில் வளர்ந்தவர். துணி முழுக்க மங்கி ஓரிடம் மட்டும் மினுங்கினால், அவர் தறியைக் குறை சொல்ல மாட்டார். இஸ்திரிப் பெட்டியைத் தேடுவார்.

பேரிங்கை ஏற்றிய ஃபிட்டர், செத்தவனின் அண்ணன். தம்பியின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரிங் சிரமப்பட்டு ஏறுச்சா?"

"இல்ல சார். கையாலேயே போயிடுச்சு."

"மத்த தண்டுல?"

"அதெல்லாம் மேடுபள்ளமா இருக்கும். பிரஸ் மெஷின்ல வெச்சு அமுக்கணும்."

ஆய்வகத்தில் அளவெடுத்த அம்மாள் அலுத்துக்கொண்டாள். "ரிப்போர்ட் குடுத்தாச்சே சார். இந்தக் கருவி மேலாக்கத்தான் பார்க்கும். ஒரு முடி கனம்கூட உள்ள போகாது."

"அப்ப மேல் தோலைக் கரைச்சுட்டுப் பாருங்க. எங்க கடையில துணியைப் புரட்டாம விலை பேச மாட்டோம்."

கரைசல் வைத்து மின்சாரம் பாய்ச்சினாள். கரைத்தாள், அளந்தாள், மறுபடி கரைத்தாள், அளந்தாள். இழுப்பு குறைந்துகொண்டே வந்து மறைந்தது. அதற்கு அடியில் கெட்டியான இறுக்கம் இருந்தது. லேசர் அந்த இடத்தையும் அறைந்திருந்தது.

மாலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஃபிட்டரைத் தனியே அழைத்தார்.

"லேசருக்கு அப்புறம் கிரைண்டர்ல தேய்ச்சிருக்கு, தண்ணிகூட விடாம. அந்தச் சூட்டுல மேல்தோல் இழுத்துக்கிச்சு, விரிசல் விட்டுடுச்சு. தழும்பும் அழிஞ்சு போச்சு. அதான் பேரிங் கையாலேயே ஏறியிருக்கு. தேய்ச்சது நீங்கதாண்ணே."

ஃபிட்டர் மறுக்கவில்லை. "பிரஸ் ரிப்பேர் சார், தேய்க்காம பேரிங் ஏறாது. 'சீக்கிரம்ணே, மதியம் பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்'னு தம்பி பக்கத்துலயே நின்னான். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் தேய்ச்சேன்."

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்ப பேசாம இருந்தீங்களே."

"என் தோள்ல சாஞ்சு அழறது தம்பி பொண்டாட்டி சார். எப்படிச் சொல்லுவேன்?"

ஜீப்பில் ஏறும்போது, "வீட்டுல ஒரு நிமிஷம் நிறுத்துங்க, நானே சொல்லிடறேன்" என்றார் ஃபிட்டர்.

நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. ஃபிட்டர் தட்டுவதற்குள் தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. அந்த லேசர்காரியைப் பிடிச்சுட்டாங்களா?"