புங்கமரத்தடி இலைத்தோட்டம்

தீபலட்சுமியின் ரோஜாச் செடிகள் மூன்றும் பூக்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தன.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். வெங்காயத் தோலைப் போட்டாள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை என்று தண்ணீர் ஊற்றினாள். செடிகள் ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்தன. மொட்டு மட்டும் வரவில்லை.

காரைக்குடியில் அவர்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. தொட்டி வைக்க மாடியும் கிடையாது, வாசலில் இடமும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை, கொல்லையின் நடுவில் பெரிய புங்கமரம். உச்சி வெயில் நேரத்திலும் அதன் அடியில் உள்ளங்கை அளவு வெயில்கூட விழாது.

ஐந்தாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் சௌபர்ணிகா தினமும் தன் வீட்டு ரோஜாவைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு நாளாவது தன் செடியில் பூத்த பூவை வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று தீபாவுக்கு ஆசை.

திருப்பத்தூர் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த உடையப்பனிடம் போய்க் கேட்டாள்.

"ரோசாவுக்கு நல்ல வெயில் வேணும் பாப்பா. நீ அதக் கொண்டுபோயி மரத்தடியில வச்சுப்புட்டு, பூக்கலன்னு என்னையக் கேக்குறியே" என்று சிரித்தார் உடையப்பன்.

அன்றோடு தீபாவின் அப்பா சேவுகப்பெருமாளின் நிம்மதி போயிற்று. புதுவயல் அரிசி ஆலையில் வேலை முடிந்து வந்து அவர் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள்.

"அப்பா, மரத்த வெட்டுங்கப்பா!"

சாப்பிடும்போதும் அதே பேச்சு. வண்டியைத் துடைக்கும்போதும் அதே பேச்சு. இரண்டு மாதம் தாங்கிப் பார்த்தார்.

"சரி ஆத்தா, சரி! மரத்தையே வெட்ட முடியாது. கிளையெல்லாம் கழிச்சு விடச் சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை மரம் வெட்டுற சின்னக்கருப்பு வருவாரு. இப்பவாச்சும் என்னையச் சாப்பிட விடு!"

தீபா துள்ளிக் குதித்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை, சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். மறுநாள் சாயங்காலம் தீபா தண்ணீர் ஊற்றப் போனபோது, அங்கே ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி.

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். தொப்பியையும் கழற்றினாள்.

அவள் முடி வெள்ளையாக, சோள நார்போல மின்னியது. புருவமும் அப்படியே. முகம் பால்போல வெளுத்திருந்தது.

தீபாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உன் முடி ஏன் இப்படி இருக்கு?"

"பொறந்தப்பவே இப்படித்தான்" என்றாள் அந்தச் சிறுமி. "உங்க முடி ஏன் கறுப்பா இருக்கு?"

தீபா யோசித்தாள். "எனக்கும் பொறந்தப்பவே இப்படித்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பெயர் அழகி. சிரித்து முடிப்பதற்குள் சிநேகமும் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை முழுவதும் அழகி மரத்தடியிலேயே இருந்தாள். உதிர்ந்த புங்க இலைகளைக் கூறு கட்டிக் கீரைக் கடை வைத்தாள். தீபா கீரை வாங்கினாள். விலை அதிகம் என்று சண்டையும் போட்டாள்.

அழகியின் அம்மா அம்மாக்கண்ணு வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் பட்டா இவளுக்குத் தோலு செவந்துபோயி எரியும் தாயி. கண்ணு கூசி, திறக்கவே முடியாது. முன்னாடி இருந்த வீட்டுல ஒரு பொட்டு நெழல் கெடையாது. சாயங்காலம் ஆறு மணி எப்ப ஆகும்னு சன்னல்லயே உக்காந்திருப்பா. காலையில வெளிய வெளையாடி நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அன்று மதியம் தீபா தனக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியலைக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை.

'கொஞ்சம் கிளைதானே, மரம் இருக்கத்தானே போகுது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னக்கருப்பு கயிறும் அரிவாளுமாக வந்து, மளமளவென்று மரத்தில் ஏறினார். பிள்ளைகளைச் சுவர் ஓரமாகத் தள்ளி உட்காரச் சொன்னார் அப்பா. அழகி தன் கீரைக் கடையையும் அங்கே மாற்றினாள்.

முதல் கிளை விழுந்தது. கொல்லையில் வாழையிலை அகலத்துக்கு வெயில் விழுந்தது. தீபா ஆசையோடு ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கி அதில் வைத்தாள்.

இரண்டாவது கிளை விழுந்தது. இந்தத் தடவை வெயில் அழகியின் மடியில் விழுந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த கிளை விழுந்ததும் அங்கேயும் வெயில் வந்தது. இன்னும் தள்ளினாள். முதுகு சுவரில் இடித்தது.

அழகி கண்ணாடியைப் போட்டாள். தொப்பியை வைத்தாள். கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றாள் தீபா.

"வீட்டுக்குள்ளக்கா. எனக்குப் பழக்கந்தான்."

அடுத்த நொடி தீபா மரத்தடிக்கு ஓடினாள்.

"அண்ணே! வெட்டாதீக! நிப்பாட்டுங்கண்ணே!"

ஓங்கிய அரிவாளோடு சின்னக்கருப்பு கீழே பார்த்தார். "என்ன பாப்பா, பாம்பா?"

"பாம்பு இல்ல. போதும், எறங்குங்க!"

அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா என் உசுர வாங்குனது நீதானே? இப்ப வேணாங்குறே?"

"வேணாம்ப்பா. அழகிக்கு இந்த நெழல் வேணும்."

அம்மாக்கண்ணு பதறினார். "எங்களுக்காகவா? வேணாந் தாயி. நீ ஆசையா வளக்குற செடி..."

"ரோசாவ வேற எங்கயாச்சும் வச்சுக்கலாம் அத்தை. அழகி எங்க போவா?"

அப்பா மேலே பார்த்துச் சொன்னார். "கருப்பு, எறங்குப்பா. காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"ஏறுன ஏத்தத்துக்கு ஒரு காப்பி பத்தாதுண்ணே, ரெண்டு வேணும்" என்றபடி இறங்கினார் சின்னக்கருப்பு.

அன்று மாலை வெயில் தாழ்ந்ததும், அப்பாவின் வண்டியில் தீபாவும் அழகியும் நாற்றுப்பண்ணைக்குப் போனார்கள். மூன்று ரோஜாச் செடிகளும் கூடவே போயின.

"இதுகள வெயில்ல வச்சுக்கோங்கண்ணே. எனக்கு நெழல்ல வளர்ற செடி குடுங்க" என்றாள் தீபா. தொட்டியைக் கொடுக்கும்போது ஒரு ரோஜா இலையை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"பூச்செடியா?"

"எதுனாலும் சரி."

உடையப்பன் அவர்களைப் பச்சை வலைப் பந்தலுக்குள் கூட்டிப்போனார். தீபா வாயைப் பிளந்தாள். அங்கே ஒரு பூகூட இல்லை. ஆனால் எத்தனை நிறம்! குங்குமத்தைத் தெளித்ததுபோல ஓர் இலை. மயில் தோகைபோல வரி வரியாய் இன்னோர் இலை. சீப்புப்போல அடுக்கடுக்காய்ப் பெரணி. மஞ்சள் கரை போட்ட மருள் செடி.

அழகிக்குத் தூரத்துப் பொருள் சரியாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு செடியிடமும் போய், மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒரு செடியின் முன்னால் நின்றேவிட்டாள். அதன் இலை முழுக்க வெள்ளை. பச்சை நரம்புகள் மட்டும் கோடு கோடாய் ஓடின.

"அது கலேடியம். வெயில்ல வச்சுறாத, இலை கருகிரும்" என்றார் உடையப்பன்.

அழகி அந்த இலையிடம் ரகசியமாகக் கேட்டாள்: "உனக்கும் தொப்பி வேணுமா?" பிறகு அவளே சொன்னாள்: "வேணாம். எங்க வீட்டுல மரம் இருக்கு."

ரோஜாக்களுக்குப் பதிலாக ஐந்து செடிகள் கொடுத்தார் உடையப்பன். ஒடித்து நட ஒரு பிடி மணிபிளான்ட் கொடியும் கொடுத்தார். பழைய பெயின்ட் வாளிகளில் அப்பா ஓட்டை போட்டுத் தந்தார். மரத்தைச் சுற்றி வட்டமாக நட்டார்கள்.

பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகத் தொங்கின. தீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. உடையப்பனிடம் ஓடினாள்.

"தெனமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறியா? நெழல்ல மண்ணு லேசுல காயாது பாப்பா. வெரல விட்டுப் பாரு. ஈரம் இருந்தா ஊத்தாத."

அதன்பிறகு விரல் விட்டுப் பார்க்கும் வேலையை அழகி எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் டாக்டர் மாதிரி வாளி வாளியாகப் போவாள். "இதுக்கு இன்னைக்கு வேணாம். இதுக்கு அரை டம்ளர். இது நல்லாருக்கு, வீட்டுக்குப் போகலாம்!"

செடிகள் தேறின. ஒன்றிரண்டாகப் புது இலைகள் சுருள் விரித்தன. கிளை வெட்டிய இடத்தில் புங்கமரமும் தளிர்த்து, வெயில் விழுந்த இடத்தை மூடியது. மணிபிளான்ட் அதைப் பிடித்து ஏறத் தொடங்கியது. கலேடியம் ஒரே மாதத்தில் ஏழு இலை விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். தலைக்குக் குளித்துவிட்டு வந்த தீபாவுக்குக் கொல்லையில் ஒரே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

தெருப்பிள்ளைகள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அவர்களோடு சௌபர்ணிகாவும் நின்றாள். எல்லோருக்கும் முன்னால் தொப்பி இல்லாமல், கண்ணாடி இல்லாமல் அழகி.

"தள்ளி நின்னு பாத்தா ஒண்ணுந் தெரியாது. இங்குட்டு வாங்க, இப்படிக் குனிஞ்சு பாக்கணும்" என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக இலையில் மூக்கை உரசிக்கொண்டு பார்த்தார்கள். "ஏய், இதுக்குள்ள குட்டிக் குட்டிப் புள்ளி இருக்குடி!" என்று கத்தினாள் சௌபர்ணிகா.

புள்ளியா? தினமும் பார்க்கிற தனக்கே அது தெரியாதே! தீபா ஓடிப்போய்ச் சௌபர்ணிகாவுக்குப் பக்கத்தில் குனியப் பார்த்தாள்.

அழகி கையை நீட்டித் தடுத்தாள். "அக்கா, வரிசை!"

தன் வீட்டுத் தோட்டத்தைப் பார்ப்பதற்காக, ஈரத்தலையும் சிரிப்புமாக, வரிசையின் கடைசியில் போய் நின்றாள் தீபா.